அழுகண்ணியும் கொழும்பு மாநகரும்: ஒரு சிறு செடியின் பெயரும் பேணலும்

கொழும்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கறுவாவிலிருந்தே தொடங்குவர். அது பொருத்தமானதே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்துறைமுகத்துக்காக ஒருவரோடொருவர் பொருதியமைக்கு அம்மரத்தின் பட்டை தலையாய காரணமாயிற்று என்பதை வரலாற்று மாணவர் அறிவர். 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நூறாண்டுகளுக்கு மேலாகக் காட்டுக் கறுவாவையே உரித்து விற்றனர். பின்னர் ஆளுநர் பல்க் காலத்தில், 1769 அளவில், மருதானையின் வெண்மணல் நிலத்தில் அதனைத் தோட்டப் பயிராகவும் ஆக்கினர். 'கறுவாத்தோட்டம்' என்னும் இடப்பெயர் இன்றும் அவ்வரலாற்றை நமக்கு உணர்த்தி நிற்கிறது.

ஆயின், விலைபோன செடிகளுக்கு மட்டுமே வரலாறு உண்டு என்று கொள்ளுதல் தவறு. தென்மேற்குத் தாழ்நிலத்தின் ஈரமணற் பரப்புகளில், காலில் மிதிபட்டாலும் கண்ணிற் படாத அளவினதாய், ஒரு சிறு செடி வளர்கிறது. அது விற்கப்பட்டதுமில்லை, அதற்காக எவரும் போரிட்டதுமில்லை. எனினும் உலகத் தாவரவியலார் இன்று வழங்கும் அதன் அறிவியற் பெயர், கொழும்பிலிருந்து கப்பலேறிய உலர்ந்த மாதிரிகளோடு தொடர்புடையது. அதன் தமிழ்ப்பெயரோ இன்றளவும் ஐயத்துக்கு இடமாகவே இருந்து வருகிறது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, அதனை நீக்குதற்கு வழி யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும். அவ்வழி ஏட்டில் மட்டுமன்றி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வீடுகளின் பூச்சாடிகளிலும் உண்டு என்பது எமது துணிபு.

செடியின் இயல்பு

ஐரோப்பிய மருத்துவர் இலத்தீன் மொழியில் இச்செடியை 'ரோஸ் சோலிஸ்', அதாவது சூரியனின் பனி, என வழங்கினர். தாவரவியலார் இதன் சாதிக்கு இட்ட 'துரோசெரா' என்னும் பெயரும் பனியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. இச்சாதியில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் மிகப் பல அவுஸ்திரேலியாவுக்கு உரியவை. இலங்கையில் இயற்கையாக வளர்வன மூன்று. ஒன்று, துரோசெரா பேர்மன்னி. நிலத்தோடு ஒட்டிய சிறு இலைவட்டமும், நடுவிலிருந்து எழும் மெல்லிய காம்பில் வெண்பூக்களும் உடையது. இலைவட்டத்தின் குறுக்களவு இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படுவது அரிது. மற்றொன்று, துரோசெரா இண்டிக்கா. நிமிர்ந்த தண்டும் நூல்போன்ற நீண்ட இலைகளும் உடையது. பூக்கள் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இவ்விரண்டும் வெப்பமான நிலத்துக்கு உரியவை. மூன்றாவது, துரோசெரா பெல்ற்றாற்றா என நெடுங்காலம் வழங்கப்பட்டது. மலைநாட்டின் குளிர்ந்த புற்றரைகளில் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைப்பது. கொழும்பின் வெப்பத்துக்கு அது இயைபுடையதன்று. ஆதலின் ஈண்டு முதலிரண்டையுமே கருதுவோம்.

இச்செடியின் இலைமேற்புறமெங்கும் மயிர்போன்ற பரிசக்கொம்புகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சுரப்பி. சுரப்பியின்மேல் ஒரு துளி. காலை வெயிலில் ஒளிரும் அத்துளி வெயிலேறிய பின்னரும் உலர்வதில்லை. ஏனெனில் அது பனியன்று, பசை. அதில் வந்தமரும் சிறு பூச்சி ஒட்டிக்கொள்ள, அயலிலுள்ள கொம்புகள் வளைந்து அதனை அழுத்துகின்றன. பேர்மன்னி இனத்தின் ஓரக்கொம்புகள் சில விநாடிகளிலேயே வளைந்துவிடும். இச்சாதியில் விரைந்து இயங்கும் இனங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் சுரக்கும் நொதியங்கள் பூச்சியின் மென்பகுதிகளைக் கரைக்க, அவற்றிலுள்ள நைதரசனும் பொசுபரசும் இலைவழியே உறிஞ்சப்படுகின்றன. ஏனைய செடிகள் வேரினாற் பெறும் ஊட்டத்தை இது இலையினாற் பெறுகிறது. வளமற்ற மணலில் வாழ்வதற்கு அது கண்ட வழி இதுவே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், இச்செடியை வளர்க்கும் முறை முழுவதும் தானாகவே விளங்கிவிடும்.

கொழும்பிலிருந்து சென்ற மாதிரிகள்

1672ஆம் ஆண்டில் போல் ஹேர்மன் என்னும் இளம் மருத்துவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியாளராக இத்தீவுக்கு வந்தார். அவர் ஜேர்மனியின் ஹல்லே நகரில் 1646இற் பிறந்தவர். கம்பனிக்கு அவருடைய தாவர ஆர்வத்திலும் பார்க்க மருத்துவத் திறனே வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துகள் விலையுயர்ந்தவை. மாதக்கணக்கான கடற்பயணத்தில் அவை கெட்டும் போயின. எனவே உள்ளூர் மூலிகைகளை அறிதல் கம்பனிக்கு இலாபந்தரும் செயலாயிற்று. இதே காலப்பகுதியில் மலையாளக் கரையில் ஒல்லாந்த ஆளுநர் வான் றீட், இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் மருத்துவர்களின் துணையோடு 'ஹோர்ற்றஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதியில் நாம் பேசும் செடியின் உருவமும் இடம்பெற்றுள்ளது.

ஹேர்மன் கொழும்பிலும் அதன் அயலிலும் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டினார். சிங்களப் பெயர்களையும் பெருமளவிற் பதிந்தார். ஓர் அந்நியர், உள்ளூர் மக்கள் எடுத்துரையாமல், ஒரு தீவின் செடிகளையும் அவற்றின் பெயர்களையும் சில ஆண்டுகளில் அறிந்துகொள்ளுதல் இயலாது. ஆகவே அவருடைய தொகுதி ஒருவரின் உழைப்பு மட்டுமன்று. இத்தீவின் மூலிகை அறிந்தோரின் அறிவும் அதில் ஒட்டப்பட்டுள்ளது எனலாம்.

பின்னர் அவர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியராகி, 1695இற் காலமானார். அவருடைய குறிப்புகள் 'மியூசியம் செய்லானிக்கம்' என்னும் பெயரில் 1717இல் நூலுருப் பெற்றன. 1737இல் அம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜொஹானெஸ் பேர்மன் 'தெசாரஸ் செய்லானிக்கஸ்' என்னும் நூலை வெளியிட்டார். பேர்மன் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். ஹேர்மன் முதலியோர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டே எழுதினார். அந்நூலில் இலங்கையின் பனித்துளிச் செடிகள் இரண்டு இடம்பெற்றன. இலைகள் வேரைச் சூழ வட்டமாக அமைந்தது ஒன்று. இலைகளையுடைய கிளைத்த தண்டினது மற்றொன்று. ஈரமணலில் இன்று காணும் இரு செடிகளையும் அவ்விரு விபரிப்புகளிலும் நாம் எளிதில் இனங்காணலாம்.

ஹேர்மனின் உலர்தாவரத் தொகுதி சில காலம் மறைந்து கிடந்து, டென்மார்க்கின் அரச மருந்தாளர் குந்தரிடம் சென்று சேர்ந்தது. அவர் 1744இல் அதனைச் சுவீடனிலிருந்த லின்னேயசுக்கு ஆய்வுக்காக அனுப்பினார். அதன் பயனாக 1747இல் 'புளோரா செய்லானிக்கா' தோன்றியது. 1753இல் லின்னேயஸ் வெளியிட்ட பெருநூலில், இருசொற் பெயரீட்டு முறைப்படி, தண்டுடைய இனம் துரோசெரா இண்டிக்கா ஆயிற்று. வட்ட இலையினத்துக்கு 1794இல் மார்ட்டின் வால் என்னும் அறிஞர், பேர்மனைச் சிறப்பிக்குமுகமாக, துரோசெரா பேர்மன்னி எனப் பெயரிட்டார். ஹேர்மனின் தொகுதியை 1793இல் ஜோசப் பாங்க்ஸ் 75 பவுணுக்கு வாங்கினார். நான்கு தொகுதி உலர்தாவரங்களும் ஒரு தொகுதி வரைபடங்களுமாக அது இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வரலாறு பழங்கதையன்று. அவுஸ்திரேலியாவில் இண்டிக்கா எனக் கொள்ளப்பட்டு வந்த செடிகளை 2010களில் ஆய்வாளர் மீள நோக்கி, அவை பல வேறு இனங்கள் எனப் பிரித்தனர். இண்டிக்கா என்னும் பெயர் தென்னாசியச் செடியோடு தங்கிவிட்டது; ஏனெனில் அப்பெயரின் வேர் இங்கேயே இருந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து போன சருகுகள் இன்னும் பேசுகின்றன என்பதற்கு இது போதிய சான்றாகும்.

பெயர்கள் அடைந்த கதி

இனிப் பெயர்களை நோக்குவோம். சிங்களத்தில் இண்டிக்கா இனம் 'கந்துளெஸ்ஸ' எனவும், பேர்மன்னி இனம் 'வட்டெஸ்ஸ' எனவும் வழங்கும். முன்னதில் 'கந்துளு' என்பது கண்ணீர். பின்னதில் 'வட்ட' என்பது வட்டம். ஐரோப்பியர் பனியைக் கண்ட இடத்தில் இத்தீவின் மக்கள் கண்ணீரைக் கண்டனர்.

தமிழ் மருத்துவ மரபிலும் கண்ணீர்ப் பெயர் பூண்ட ஒரு மூலிகை உண்டு. அது அழுகண்ணி. சித்த மருத்துவ நூல்களில் அது தொழுகண்ணியோடு இணைத்துப் பேசப்படுவது வழக்கம். உடலை உறுதிப்படுத்தும் கற்ப மூலிகைகளாக இவ்விரண்டும் போற்றப்பட்டன. சித்தருள் ஒருவர் அழுகணிச் சித்தர் எனப் பெயர் பெற்றமையும் நாம் அறிந்ததே. அப்பெயருக்கு வேறு விளக்கம் தருவோரும் உளர். தமிழகத் தாவரவியல் நூல்கள் பலவற்றில் அழுகண்ணி என்பது துரோசெரா எனக் கொள்ளப்படுகிறது. இலைதோறும் நீர்த்துளி தாங்கி நிற்கும் செடிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. சிங்களப் பெயரோடு அதன் பொருள் ஒத்துச் செல்வதும் மனங்கொளத்தக்கது.

ஆயின் மறுப்பும் உண்டு. வடமொழி மருத்துவ நூல்கள் 'ருதந்தி', அதாவது அழுபவள், என்று ஒரு மூலிகையைக் கூறுகின்றன. அதனைக் கிரெசா கிரெத்திக்கா என்னும் வேறொரு செடியாகக் கொள்வோர், அழுகண்ணியும் அதுவே என்பர். அச்செடி வரண்ட கரையோர உவர்நிலத்தில் வளர்வது. இலைகளில் ஈரம் கசிந்து நிற்பதால் அதற்கும் அழுகைப் பெயர் பொருந்தும். ஆகவே ஒரே பெயர் இரு செடிகளின்மேல் நிற்கிறது. உவர்நிலத்தை அறிந்த மருத்துவர் ஒன்றையும், ஈரமணலை அறிந்தவர் மற்றொன்றையும் கண்டு ஒரே பெயரிட்டிருத்தல் கூடும். அகராதியை மட்டும் புரட்டி இவ்வழக்கைத் தீர்க்கவியலாது.

பெயர் மாற்றத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் கூறலாம். இலங்கைக்கே உரிய கெண்டிச்செடியைச் சிங்களர் 'பாந்துரா' என்பர். ஐரோப்பிய நூலொன்றில் அது 1680இல் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டது. ஆனால் லின்னேயஸ் அதன் சாதிக்கு 'நெப்பந்தஸ்' எனப் பெயர் சூட்டினார். ஹோமரின் காவியத்தில் எலென் கொடுக்கும் துயர்தீர்க்கும் மருந்தின் பெயர் அது. கொழும்பின் அயற்காட்டுச் செடி கிரேக்க நாட்டுப் பெயர் தாங்கலாயிற்று. பொதுப்பெயர் ஒன்று அறிவியலுக்கு இன்றியமையாதது என்பதை எவரும் மறுக்கார். நாம் வருந்தவேண்டியது புதிய பெயர் வந்ததற்காகவன்று. பழைய பெயரை நாம் கைநழுவ விட்டதற்காகவே.

பூச்சியுண்ணும் உண்மை வெளிப்பட்ட விதம்

செடியின் மாதிரியும் பெயரும் ஐரோப்பாவை அடைந்த பின்னரும் அதன் வாழ்க்கைமுறை நெடுங்காலம் விளங்கவில்லை. வட அமெரிக்காவின் வீனஸ் பூச்சிப்பொறி பற்றி ஜோன் எல்லிஸ் 1769இல் எழுதியபோது, லின்னேயஸ் அதன் அசைவைத் தொட்டாற்சுருங்கியின் அசைவோடு ஒப்பிட்டாரேயன்றி, செடி பூச்சியை உண்ணும் என்பதை ஏற்றாரல்லர். உலர்ந்த மாதிரியில் பசை இல்லை, அசைவு இல்லை, பசியும் இல்லை. உயிர்ச்செடியை நாள்தோறும் கண்ணுற்றாலன்றி அவ்வுண்மை வெளிப்படாது.

அங்ஙனம் கண்ணுற்றவர் சாள்ஸ் டார்வின். 1860ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஐரோப்பியப் பனித்துளிச் செடியின் இலைகளில் பூச்சிகள் பெருந்தொகையாக ஒட்டியிருப்பதைக் கண்ட அவர், செடிகளை வீட்டுக்குக் கொணர்ந்து சாடியில் வளர்த்து, இறைச்சித் துணுக்கு, பால், மணல், கண்ணாடித்துகள் முதலியவற்றை இலையில் இட்டுச் சோதித்தார். நைதரசனுடைய பொருள்களுக்கும் அஃதில்லாப் பொருள்களுக்கும் செடி வேறுபாடு காட்டுவதை அவர் கண்டறிந்தார். பதினைந்து ஆண்டுகளின் பின், 1875இல், அவருடைய 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' நூல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஜோசப் ஹூக்கர் பெல்பாஸ்ற் நகரிற் கூடிய அறிவியற் சங்கத்தில் இப்பொருள் பற்றிச் சிறந்த உரையொன்று நிகழ்த்தினார். கெண்டிச்செடியில் தாம் செய்த சோதனைகளையும் அதில் விளக்கினார். 1878இல் டார்வினின் மகன் பிரான்சிஸ், உணவூட்டப்பட்ட செடிகள் ஊட்டப்படாதவற்றிலும் மிகுதியாக விதை தருவதை எண்ணிக் காட்டினார்.

இதே காலத்தில் பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1849 முதல் 1880 வரை நிருவகித்த துவெயிற்ஸ், டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவருக்குப் பின்வந்த ஹென்றி டிறைமன் 1887இல் ஹேர்மனின் தொகுதியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டதோடு, 1893 முதல் வெளிவந்த தமது இலங்கைத் தாவரக் கைநூலில் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் குறித்தார். ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், டார்வின் பயன்படுத்திய கருவிகள் பூச்சாடியும் தட்டும் ஊசியும் பொறுமையுமே என்பது. ஒரு வீட்டில் நடந்த ஆய்வு அது. அத்தகைய ஆய்வு கொழும்பு வீடொன்றில் நடப்பதற்குத் தடை யாதுமில்லை, செடியோ நமதே.

கொழும்பில் வளர்க்கும் முறை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, வளவும் கிணறும் இருந்த இடத்தில் எஞ்சியது ஒரு பல்கணி மட்டுமே. கொட்டாஞ்சேனையிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. அந்தப் பல்கணிக்கு ஏற்ற செடி இது. ஓர் அடி இடம் போதும்.

முதலாவது நீர். வளமற்ற மண்ணில் வாழப் பழகிய வேர், நீரிற் கரைந்த உப்புக்களைப் பொறுக்காது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கற் கிணற்றுநீரை ஊற்றினால் செடி அழிந்துபோகும். கடலோரக் கிணறுகளின் உவர்நீரும் அத்தகையதே. ஆனால் கொழும்புக்கு ஆண்டில் இரண்டாயிரம் மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை கிடைக்கிறது. தூய்மையான ஏனத்தில் ஏந்திய மழைநீரே இதற்குச் சிறந்தது. அது இல்லாக்கால் வடித்த நீர் ஆகும்.

இரண்டாவது மண். எரு, சாணம், செயற்கை உரம் ஆகிய எதுவும் கூடாது. மேனாட்டார் சதுப்புப் பாசியின் உக்கலைப் பயன்படுத்துவர். நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தும்புச்சோறு அதற்கு ஈடாகும். ஆயின் அதில் உப்பு இருக்குமாதலால் மழைநீரில் பன்முறை ஊறவைத்துப் பிழிதல் வேண்டும். அதனோடு சம அளவு நன்கு கழுவிய பருமணல் சேர்க்கலாம். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை அள்ளிவருதல் பெருந்தவறு. அதில் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் உள. சாடி பத்துச் சென்ரிமீற்றர் ஆழமுடையதாக இருப்பின் நலம்.

மூன்றாவது ஒளி. நாளொன்றுக்கு நான்கு ஐந்து மணிநேர வெயிலாவது வேண்டும். கிழக்கு நோக்கிய பல்கணியின் காலை வெயில் மிகப் பொருத்தமானது. மேற்கு நோக்கிய பல்கணியாயின், தென்மேற்குப் பருவக்காற்று உப்பை அள்ளிவரும் மாதங்களில் செடியைக் கண்ணாடியின் பின்னே வைத்தல் வேண்டும். போதிய ஒளி பெற்ற செடியின் இலைகள் சிவக்கும், துளிகள் பெருகும். ஒளி குறைந்தாற் பச்சையாய் நீண்டு துளியற்றுப் போகும்.

நான்காவது ஈரம். சாடியை நீர்த்தட்டில் வைத்து மண்ணை எப்போதும் ஈரமாக வைத்தலே பொதுமுறை. ஆனால் கொழும்பில் இதனை அப்படியே பின்பற்றுதல் பொறுப்பற்ற செயலாகும். டெங்குக் காய்ச்சல் 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் பீடித்து, நானூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம், நுளம்பு பெருக இடந்தருவோரைத் தண்டிக்கிறது. ஆகவே தட்டைப் பருமணலால் நிரப்பி, நீர்மட்டம் மணலுக்குக் கீழ் நிற்குமாறு ஊற்றல் வேண்டும். அல்லது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றல் வேண்டும். பூச்சியுண்ணும் செடி நுளம்பையும் தீர்த்துவிடும் என்று நம்புதல் பேதைமை. அது பிடிப்பன சில. தட்டில் பிறப்பன பல.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. வெளியே வைத்த செடி தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும். சிற்றெறும்போ கொசுகோ மாதத்தில் இரண்டு மூன்று கிடைத்தாற் போதும். இறைச்சித் துணுக்குகளை இட்டால் இலை அழுகும். டார்வினும் அளவுக்கு மிஞ்சி இட்ட இலைகளை இழந்தவரே.

ஐந்தாவது, மிகவும் இன்றியமையாதது, விதை. இவ்விரு இனங்களும் நீண்டகாலம் வாழ்வன அல்ல. பெரும்பாலும் ஓராண்டுக்குள் பூத்துக் காய்த்து மடிவன. வளர்ப்போர் பலர் இதனை அறியாது, தம் கவனக்குறைவால் செடி பட்டுவிட்டது என்று வருந்துவர். அது பிழையன்று, இயல்பு. பூ காலையில் சில மணிநேரமே விரியும். தன்மகரந்தச் சேர்க்கையால் தானே காய்க்கும். காய் கபிலநிறமாகியதும் அதன் கீழ் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டினால், தூள்போன்ற விதைகள் வீழும். அவற்றை ஈரமண்ணின் மேலே தூவல் வேண்டும்; மண்ணால் மூடலாகாது, ஒளிபட்டாலே முளைக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை தோன்றும். இண்டிக்கா இனம் பிடுங்கி நடுதலைப் பொறாது. ஆதலின் வளரவேண்டிய சாடியிலேயே அதன் விதையை இடுக.

சாடி தரும் விடை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, பெயர் பற்றிய வழக்குக்கும் ஓர் ஒளி கிடைக்கிறது. துரோசெரா உப்பை அறவே பொறாதது. கிரெசா உவர்நிலத்தையே தன் இடமாகக் கொண்டது. இரண்டையும் ஒரே சாடியில் வளர்க்க எவராலும் இயலாது. ஆகவே ஒரு மருத்துவ ஏட்டில் அழுகண்ணி வளரும் இடம் உவர் என்று கூறப்பட்டிருப்பின், அது துரோசெரா ஆகாது. ஈரமணல், வயலோரம், நீர் கசியும் இடம் என்றிருப்பின் கிரெசா ஆகாது. சொல்லின் பொருளைச் சொல்லால் மட்டுமே தேடிய அறிஞர் காணாத ஒரு கட்டளைக்கல், மழைநீரூற்றிச் செடி வளர்த்தவருக்கு எளிதிற் கிட்டுகிறது. தமிழும் தாவரவியலும் வெவ்வேறு பீடங்களில் தனித்தனியே கற்பிக்கப்படும் நம் சூழலில், இரண்டுக்கும் இடையே ஒரு பூச்சாடியை வைத்தல் வீண்செயலாகாது.

இதிற் காலத்தின் நெருக்கடியும் உண்டு. நகர் விரிய விரிய, அதன் சதுப்புகளும் ஈரமணற் பரப்புகளும் நிரப்பப்பட்டு வந்துள்ளன. பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலம் 1990இற் சரணாலயமாக்கப்பட்டது. 2018இற் கொழும்பு உலகின் முதல் ராம்சர் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இவை மகிழ்ச்சிக்குரியன. ஆயின் இச்சிறு செடி வாழும் இடங்கள் பெரும்பாலும் எவரும் பெயரிட்டு அழைக்காத வெறுநிலங்கள். ஒரு பாரவூர்தி மண் கொட்டினால் மறைவன. ஆகவே, பல்கணியில் வளர்க்கும் ஆர்வத்தால் காட்டுச் செடியைப் பிடுங்கி வருதல் அதன் அழிவை விரைவுபடுத்துவதாகும். வளர்ப்போரிடமிருந்து விதை பெறுதலே முறை. ஒரு செடி தரும் விதை பல வீடுகளுக்குப் போதும். சாடி சதுப்புக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது; அது நினைவூட்டவே வல்லது.

ஹேர்மன் கொழும்பில் இச்செடியை உலர்த்தியபோது அதன் பெயரை எவரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். சொன்னவர் அதனை அறிந்திருந்தார், நாள்தோறும் கண்டிருந்தார். அந்த அறிவு நூலகங்களில் அடைக்கலம் புகுந்த பின்னர், அதனைப் பெறுவதற்கு நாம் இலண்டனை நோக்க வேண்டியதாயிற்று. ஆனால் செடி இன்னும் இங்கேயே உள்ளது. வெள்ளவத்தைப் பல்கணியொன்றில் அதனைக் கண்டு ஒரு சிறு பிள்ளை, "இதற்குப் பெயர் என்ன?" என்று வினவுமாயின், இலத்தீனில் ஒன்றும், சிங்களத்தில் ஒன்றும், தமிழில் ஒன்றும் தயங்காது சொல்லக்கூடிய நிலையில் நாம் இருத்தல் வேண்டும். அதற்கான வேலை இன்னும் முடியவில்லை. பழைய மருத்துவ ஏடுகளை மீளப் படித்தல் ஒருபுறம். ஒரு சாடியில் விதை தூவுதல் மறுபுறம். இரண்டையும் செய்தற்குரியார் பல்கலைக்கழக மாணவரே.